உதவியும் ஆயுதமும்: போர்க்களத்தில் எவ்வளவு தூரம் விலகி நிற்பது?

போர் நடக்கும் ஊருக்குள் நூறு மூட்டை அரிசியைக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகம் கடற்படையின் கையில் இருக்கிறது. விமான நிலையம் விமானப்படையின் கையில். சாலை நெடுகிலும் இரு தரப்பின் சோதனைச் சாவடிகள். எந்தப் பாலம் இன்றிரவு தகர்க்கப்படும், எந்த வயலில் கண்ணிவெடி கிடக்கிறது என்பது படைத்தரப்புக்குத்தான் தெரியும். ஆகவே, இராணுவத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிக்கொண்டு எந்தத் தொண்டு நிறுவனமும் போர்க்களத்தில் வேலை செய்துவிட முடியாது. ஆனால் ஒரு தரப்புப் படையோடு தோளுரசி நின்றால், எதிர்த்தரப்பின் கண்ணுக்கு அந்த அரிசி மூட்டையும் இராணுவத் தளவாடமாகவே தெரியும். ஓட்டுநரைச் சுடுவதற்கு அது போதும்.

இந்த உறவை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் படி, பேசுவது: வழி கேட்பது, இருப்பிடத்தைத் தெரிவிப்பது, சில மணி நேரச் சண்டை நிறுத்தத்துக்கு மன்றாடுவது. இரண்டாம் படி, கடன் வாங்குவது: இராணுவத்தின் விமானம், கப்பல், பொறியாளர் ஆகியவற்றைப் பயன்படுத்திக்கொள்வது. மூன்றாம் படி, சேர்ந்துவிடுவது: படையின் திட்டத்துக்குள், படையின் பணத்தில், படையின் நோக்கத்துக்காக உதவி வழங்குவது. கடந்த சில பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால் முதல் படி தவிர்க்க முடியாதது. இரண்டாம் படி கடும் கட்டுப்பாட்டுடன் மட்டுமே பொறுக்கத்தக்கது. மூன்றாம் படி உதவியின் வேரையே அரிப்பது. இக்கட்டுரை அந்த அனுபவத்தைத்தான் பரிசீலிக்கிறது.

சட்டமும் வழிகாட்டு நெறிகளும்

போர்க்கால நிவாரணத்தின் நவீன வடிவம் படைகளை விலக்கி வைத்துப் பிறந்ததல்ல. 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் பிரான்ஸ், சார்டீனியப் படைகள் ஒருபுறமும் ஆஸ்திரியப் படை மறுபுறமும் மோதின. காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு எந்தப் படை என்று பாராமல் அருகிலிருந்த ஊரார் செய்த பணிவிடையைப் பார்த்த ஜெனீவா வணிகர் ஹென்றி துனானின் முயற்சியால் 1863இல் செஞ்சிலுவைக் குழு உருவானது. மறு ஆண்டு முதலாவது ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் ஒப்பமிட்டவை அரசுகள். பாதுகாக்கப்பட்டவர்கள் படையினரும் இராணுவ மருத்துவர்களும். அதாவது, இத்துறையின் முதல் ஆவணமே படைகளுடனான ஓர் உடன்பாடுதான்.

1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் பிரிவு, பாரபட்சமற்ற மனிதநேய அமைப்பு ஒன்று உள்நாட்டுப் போரிலும் எல்லாத் தரப்புகளுக்கும் தன் சேவையை வழங்க முன்வரலாம் என்கிறது. 1991இல் ஐ.நா. பொதுச்சபையின் 46/182 தீர்மானம் மனிதநேயம், நடுநிலை, பாரபட்சமின்மை என்ற மூன்று கோட்பாடுகளை நிலைநிறுத்தியது. 2004இல் சுதந்திரம் நான்காவதாகச் சேர்ந்தது.

இராணுவ வளங்களைப் பயன்படுத்துவது பற்றி 1994இல் இயற்கைப் பேரிடருக்கென ஆஸ்லோ வழிகாட்டு நெறிகள் வந்தன. போர்ச் சூழலுக்கான நெறிகள் 2003இல் வந்தன. அவற்றின் சாரம் எளிது. குடிமைத் தரப்பில் வேறு வழியே இல்லாதபோதுதான் இராணுவ வளத்தைத் தொட வேண்டும். தொட்டாலும் கட்டுப்பாடு குடிமை அமைப்பின் கையில் இருக்க வேண்டும். காலவரையறை வேண்டும். போரில் ஈடுபட்டிருக்கும் படையின் வளத்தைப் பயன்படுத்தவே கூடாது என்பது பொது விதி. ஆனால் இவை நெறிகள்தாமே தவிர சட்டங்கள் அல்ல. மீறினால் தண்டனை கிடையாது.

படைகளுக்கும் தமக்கென ஒரு கோட்பாடு உண்டு. நேட்டோவின் கையேடுகளில் படைக்கும் குடிமை அமைப்புகளுக்கும் இடையிலான ஒத்துழைப்பு என்பது தளபதியின் பணிக்குத் துணைசெய்யும் செயல். தொண்டு நிறுவனத்துக்கு உதவியே இலக்கு. தளபதிக்கு உதவி ஒரு கருவி. இரு தரப்பும் ஒரே கிணற்றைத் தோண்டலாம், ஆனால் ஒரே காரணத்துக்காகத் தோண்டுவதில்லை. பின்னால் வந்த பெரும்பாலான சிக்கல்களுக்கு இந்த வேறுபாடுதான் தோற்றுவாய்.

கடன் வாங்கிய விமானங்கள்

பனிப்போர் முடிந்த 1990களில்தான் படைகளும் தொண்டு நிறுவனங்களும் ஒரே களத்தில் பெருமளவில் சந்தித்தன. அந்தப் பத்தாண்டின் நல்ல எடுத்துக்காட்டு சரயேவோ. முற்றுகையிடப்பட்ட அந்த நகருக்கு 1992 ஜூலையிலிருந்து 1996 ஜனவரிவரை விமானம் மூலம் உணவும் மருந்தும் போயின. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் விமானங்கள் 12,000 முறைக்கு மேல் பறந்து ஏறத்தாழ 1,60,000 டன் பொருட்களை இறக்கின. பறந்தவை பெரும்பாலும் இராணுவ விமானங்கள். ஆனால் எதை ஏற்றுவது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கையில் இருந்தது. கடன் வாங்குவது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அதே போஸ்னியாவில் இந்த ஏற்பாட்டின் எல்லையும் தெரிந்தது. சோறு போனது, பாதுகாப்பு போகவில்லை. 1995 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அரசியல் முடிவு எடுக்க மனமில்லாத அரசுகள் அந்த வெற்றிடத்தை நிவாரண விமானங்களால் நிரப்பிக்கொண்டன என்ற குற்றச்சாட்டுக்கு இன்றுவரை சரியான பதில் இல்லை.

சோமாலியா வேறொரு பாடம். பஞ்சமும் ஆயுதக் குழுக்களின் கொள்ளையும் சேர்ந்து வாட்டியபோது செஞ்சிலுவைக் குழுகூடத் தன் வழக்கத்துக்கு மாறாக ஆயுதக் காவலர்களை அமர்த்த வேண்டியதாயிற்று. 1992 டிசம்பரில் அமெரிக்கா தலைமையில் வந்த பன்னாட்டுப் படை முதலில் உணவு வண்டிகளுக்கு வழி திறந்தது. 1993 ஜூனில், அதற்குப் பின்வந்த ஐ.நா. படையின் 24 பாகிஸ்தானிய வீரர்கள் கொல்லப்பட்டபின், அப்படை ஆயுதக் குழுத் தளபதி ஒருவரை வேட்டையாடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. அக்டோபரில் 18 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டனர். காவலுக்கு வந்த படை போரில் ஒரு தரப்பாக மாறிவிட்டால், அதன் நிழலில் நிற்பவர்களும் அதே தரப்பாக எண்ணப்படுவார்கள்.

1999இல் கொசோவோப் போரின்போது இது இன்னும் அப்பட்டமாகியது. நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியாமீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. நேட்டோ வீரர்கள் அல்பேனியாவிலும் மாசிடோனியாவிலும் அகதி முகாம்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சில நாட்களில் பல்லாயிரம் பேருக்குக் கூரை போட வேறு எவராலும் முடிந்திருக்காது என்பது உண்மை. ஆனால் போரிடும் தரப்பே நிவாரண முகமாகவும் நின்றது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்தப் பணிக்கு நேட்டோ நாடுகளின் பணத்தை வாங்க மறுத்தது. அந்த ஆண்டுதான் அதற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதே அமைப்பு 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, உயிரித் தீங்குகளைக் கையாளத் தெரிந்த படைப்பிரிவுகளை அனுப்புங்கள் என்று உலக நாடுகளிடம் தானே வலியச் சென்று கேட்டது. அங்கே படைக்கு எதிரி யாரும் இல்லை. எந்தப் படை, எந்தப் போர் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது, சீருடைமீதான வெறுப்பல்ல.

ஆப்கானிஸ்தான்: சேர்ந்துவிட்டதன் விலை

மூன்றாம் படியை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆப்கானிஸ்தானுக்குத்தான் போக வேண்டும். 2001 அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் குண்டுகளோடு உணவுப் பொட்டலங்களையும் வீசின. பொட்டலத்தின் உறை மஞ்சள். கொத்துக் குண்டுகளின் சிதறு குண்டுகளும் மஞ்சள். இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வானொலியில் எச்சரிக்கை ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. அதே மாதம் வெளியுறவு அமைச்சர் காலின் பவல், தொண்டு நிறுவனங்கள் தங்கள் படைபலத்தைப் பெருக்குபவை, போரிடும் அணியின் முக்கியப் பகுதி என்று அவற்றின் தலைவர்கள் முன்னிலையிலேயே பேசினார். பாராட்டாகத்தான் சொன்னார். கேட்டவர்களுக்கு அது மரண ஓலை போலிருந்தது.

பின்னர் மாகாணப் புனரமைப்புக் குழுக்கள் வந்தன. படைவீரர்களும் அரசு அதிகாரிகளும் சேர்ந்த இந்தக் குழுக்கள் பள்ளி கட்டின, கிணறு வெட்டின, உளவும் சேகரித்தன. சில இடங்களில் வீரர்கள் சாதாரண உடையில், தொண்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் வெள்ளை வண்டிகளில் திரிந்தார்கள். 2004இல் தென் ஆப்கானிஸ்தானில் கூட்டுப்படை விநியோகித்த துண்டறிக்கைகள், உதவி தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால் தாலிபான் பற்றித் தகவல் தாருங்கள் என்றன. கண்டனம் எழுந்த பிறகு படைத்தரப்பு அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஜூன் 2 அன்று பத்கீஸ் மாகாணத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஊழியர்கள் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். தாலிபான் பேச்சாளர் பொறுப்பேற்று, அந்த அமைப்பு அமெரிக்க நலனுக்கு உழைப்பதாகக் குற்றம்சாட்டினார். சோவியத் படையெடுப்புக் காலத்திலிருந்து 24 ஆண்டுகள் அங்கே பணியாற்றிய அமைப்பு அடுத்த மாதம் நாட்டைவிட்டே வெளியேறியது.

இவ்வளவு விலை கொடுத்துப் படைக்காவது என்ன கிடைத்தது? அமெரிக்கத் தளபதிகளுக்கு உதவி வழங்கத் தனி நிதி இருந்தது. அதற்கான 2009ஆம் ஆண்டுக் கையேட்டின் தலைப்பிலேயே பணம் ஓர் ஆயுத முறைமை என்று குறிப்பிட்டார்கள். ஆனால் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து மாகாணங்களில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி வாரியிறைத்த பணம் மக்கள் மனதை வென்றதற்கு வலுவான சான்று இல்லை என்றது. யாருக்கு ஒப்பந்தம், யார் கமிஷன் அடித்தார் என்ற சண்டையும் ஊழலும் பல இடங்களில் அரசின் பெயரையே கெடுத்தன. பாதுகாப்பான பகுதிகளைவிடச் சண்டை நடந்த பகுதிகளுக்கு அதிகப் பணம் போனதால், அமைதியாக இருந்ததற்குத் தண்டனையா என்று மக்கள் கேட்டார்கள். மனிதநேயக் கணக்கில் மட்டுமல்ல, இராணுவக் கணக்கிலும் இந்தக் கலப்பு தோற்றது.

எல்லை தாண்டிப் பாகிஸ்தானில் நடந்தது இதைவிடக் கொடியது. பின் லாடனைத் தேடிய சி.ஐ.ஏ., 2011இல் அபோட்டாபாத்தில் ஓர் உள்ளூர் மருத்துவரைக் கொண்டு கல்லீரல் அழற்சித் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் வேவு பார்த்தது. செய்தி வெளியானதும் தடுப்பூசியே உளவு வேலை என்ற பழைய வதந்திக்குச் சான்று கிடைத்துவிட்டது. வசிரிஸ்தானின் தாலிபான் தளபதிகள் 2012இல் போலியோ சொட்டு மருந்துக்குத் தடை விதித்தார்கள். வீடு வீடாகச் சென்ற பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 2012இல் 58 ஆக இருந்த பாகிஸ்தானின் போலியோ பாதிப்பு 2014இல் 306 ஆனது. இனி தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை உறுதி சொன்னதும் 2014இல்தான். ஒரு படை நடவடிக்கைக்கு இரவல் கொடுத்த நம்பிக்கையின் விலையை, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத குழந்தைகள் கட்டினார்கள்.

மறுக்க முடியாத எதிர்வாதம்

இதற்கு மறுபக்கம் இல்லாமலில்லை. 2016–17இல் ஐ.எஸ். பிடியிலிருந்து மோசூலை மீட்கும் போர் நடந்தது. காயம்பட்டவர்களை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குக் கொண்டுவர, போர்முனைக்கு மிக அருகில் மருத்துவ நிலைகளை உலக சுகாதார நிறுவனம் ஏற்பாடு செய்தது. வழக்கமான அமைப்புகள் அவ்வளவு நெருங்க முன்வராததால், சில தொண்டு மருத்துவக் குழுக்கள் ஈராக்கியப் படையோடு சேர்ந்தே நகர்ந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்த ஏற்பாடு சுமார் 1,500 முதல் 1,800 உயிர்களைக் காத்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உள்ளிட்டோர் இதைக் கடுமையாக விமர்சித்தனர்: தான் போரிடும் இடத்தில் காயம்பட்டவர்களைப் பராமரிப்பது அந்தப் படையின் சட்டக் கடமை, அதைத் தொண்டு நிறுவனங்கள் தலையில் சுமத்துவது முறையா என்று கேட்டனர்.

கொள்கைக்காக அந்த உயிர்களைக் கைவிட்டிருக்கலாமா என்று கேட்டால் யாரும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். அதே சமயம், அடுத்த போரில் எதிர்த்தரப்பிலுள்ள காயம்பட்டவரிடம் இந்த மருத்துவர்களால் போக முடியுமா என்ற கேள்வியும் நியாயமானது. காப்பாற்றிய உயிரை எண்ணிவிடலாம். போக முடியாமல்போன ஊர்களில் இழந்த உயிரை எண்ண வழியில்லை. இந்த விவாதத்தில் தராசு எப்போதும் படையின் பக்கம் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொண்டு நிறுவனங்களும் இதில் முழு அப்பாவிகள் அல்ல. ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் படை அனுப்பிய அரசுகளிடமே பலர் பெரும் நிதி வாங்கினார்கள். சம்பளம் கொடுப்பவர் போரிடும் தரப்பாக இருக்கும்போது நடுநிலை என்ற சொல் அறிக்கையில் மட்டுமே மிஞ்சும்.

இலங்கை: அரசே ஒரு தரப்பாக நிற்கும்போது

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி தொலைதூரச் செய்தியல்ல. 1987 ஜூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து செஞ்சிலுவைக் கொடியோடு புறப்பட்ட படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு பறந்து யாழ்ப்பாணத்தில் சுமார் 25 டன் பொருட்களைப் போட்டன. பூமாலை என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் உணவைவிட அரசியல் செய்தியே கனமாக இருந்தது. அடுத்த மாதம் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தது, இந்தியப் படை இறங்கியது. அக்டோபரில் அதே மண்ணில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது.

இறுதிப் போர்க்காலத்தில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூரில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு; அவை வெளியேறின. எஞ்சி நின்று இரு தரப்போடும் பேசிய செஞ்சிலுவைக் குழு, 2009 பிப்ரவரி முதல் மே மாதம்வரை புதுமாத்தளன் கரையோரப் பகுதியிலிருந்து கப்பல் மூலம் ஏறத்தாழ 14,000 காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் உடன் வந்தவர்களையும் வெளியேற்றியது. கடற்படையின் இசைவும் புலிகளின் இசைவும் இல்லாமல் ஒரு படகும் கரை சேர்ந்திருக்காது. முதல் படியான பேச்சு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும், எவ்வளவு செய்ய முடியாது என்பதற்கும் அந்தக் கரையே சாட்சி.

போர் முடிந்ததும் மெனிக் பாம் முதலிய முகாம்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இராணுவக் காவலில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் கூரையும் கொடுத்தால் அந்த அடைப்புக்குத் துணைபோவதாகும். கொடுக்காவிட்டால் மக்கள் சாவார்கள். ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்தன. ஐ.நா.வின் சொந்த உள்ளக மீளாய்வு 2012இல் வெளிவந்தபோது, போரின் கடைசி மாதங்களில் தன் அமைப்பு முழுவதும் தோற்றதாக ஒப்புக்கொண்டது. வெளியேற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் தெரிந்த உயிரிழப்பைக்கூட உரக்கச் சொல்லவில்லை என்பது அதன் மையக் குற்றச்சாட்டு.

புலிகள் தொடர்பான ஒரு வழக்கும் இங்கே பொருத்தமானது. தடைசெய்யப்பட்ட இயக்கங்களுக்குச் சர்வதேசச் சட்டம் குறித்துப் பயிற்சி அளிப்பதுகூடக் குற்றமாகலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. வழக்காடியவர்களில் அமெரிக்கத் தமிழ் அமைப்புகளும் இருந்தன. ஆயுதக் குழுவோடு பேசாமல் உதவி போகாது. பேசினால் சட்டம் பாயும் என்ற நிலை. மனிதநேயப் பணிக்கு ஐ.நா.வின் சொத்து முடக்கத் தடைகளிலிருந்து பொது விலக்கு அளிக்கும் 2664ஆம் தீர்மானம் 2022 டிசம்பரில்தான் வந்தது.

இருப்பிடம் சொன்னால் பாதுகாப்பா?

பேசுவது தவிர்க்க முடியாதது என்றால், அந்தப் பேச்சாவது மதிக்கப்படுகிறதா? இன்றைய முதன்மைக் கேள்வி இதுதான். மருத்துவமனை, கிடங்கு, வண்டித் தொடர் ஆகியவற்றின் இருப்பிடத்தைப் போரிடும் தரப்புகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் முறை இப்போது எங்கும் பரவியிருக்கிறது.

ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு திரும்பிவந்து நடத்திய மருத்துவமனையின் இருப்பிடம் அமெரிக்கப் படைக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானம் அதையே தாக்கியது. 42 பேர் இறந்தனர். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே தொலைபேசியில் கதறியும் உடனே நிற்கவில்லை. மனிதத் தவறு என்று படையின் விசாரணை முடித்தது. 16 பேர்மீது துறை நடவடிக்கை, குற்ற வழக்கு இல்லை. சிரியாவில் ஐ.நா. பட்டியலில் இருந்த இடங்கள் தாக்கப்பட்டது குறித்து ஐ.நா. குழு விசாரித்து, பெரும்பாலானவற்றைச் சிரிய அரசோ அதன் கூட்டாளிகளோ செய்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று 2020இல் சொன்னது. 2024 ஏப்ரல் 1 அன்று காஸாவில் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் வண்டிகள், பயணத்தை இஸ்ரேலியப் படைக்குத் தெரிவித்தபின்னும் தாக்கப்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். இரு அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டார்கள்.

காஸாவில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2024இல் அமெரிக்க இராணுவம் சுமார் 23 கோடி டாலர் செலவில் மிதக்கும் துறைமுகம் அமைத்தது. கடல் கொந்தளிப்பால் அது ஏறக்குறைய இருபது நாட்களே இயங்கியது. 2025 மே மாதம் ஐ.நா. விநியோக அமைப்பை ஒதுக்கிவிட்டு, ஆயுதமேந்திய தனியார் காவலோடு இராணுவ வலயங்களில் சில மையங்களை மட்டும் ஓர் அமைப்பு திறந்தது. ஜூலை இறுதிக்குள் அம்மையங்களைச் சுற்றி 859 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவுசெய்தது. உதவி அமைப்பு படையோடு சேர்ந்த நிலை போய், படையின் தேவைக்கென்றே உதவி அமைப்பு உருவாக்கப்படும் நிலை வந்திருக்கிறது.

எங்கே நிற்கிறோம்

2024 மே 24 அன்று, நிவாரணப் பணியாளர்களைப் பாதுகாக்கக் கோரும் 2730ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 14 வாக்குகளுடன் நிறைவேற்றியது. ரஷ்யா மட்டும் வாக்களிப்பில் நடுநிலை வகித்தது. அந்த ஆண்டில் உலகெங்கும் கொல்லப்பட்ட நிவாரணப் பணியாளர்கள் 383 பேர் என்கிறது ஐ.நா. பெரும்பான்மையோர் தங்கள் சொந்த ஊரிலேயே வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள்.

நெறிகளுக்குப் பஞ்சமில்லை. தொண்டு நிறுவனங்கள் செய்ய வேண்டியது தெளிவு: எல்லாத் தரப்போடும் பேச வேண்டும், போரிடும் தரப்பின் பணத்தையும் வண்டியையும் தவிர்க்க வேண்டும், வெளியேற்றப்படுவோம் என்ற அச்சத்தில் கண்டதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர்கள் இவ்வளவும் செய்தாலும், தாக்கியவரே தாக்குதலை விசாரிக்கும் முறை இருக்கும்வரை பயனில்லை. மாற்று வழி இல்லாமலும் இல்லை. ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறையின்படி 1991 முதல் சர்வதேச உண்மை அறியும் ஆணையம் ஒன்று இருக்கிறது. குந்தூஸ் தாக்குதலை அது விசாரிக்க வேண்டும் என்று கேட்டபோது அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் இசையவில்லை; இசைவின்றி அதனால் நகர முடியாது. தாக்கியவரின் அனுமதி வேண்டும் என்ற அந்த நிபந்தனையை அரசுகள் கைவிடாதவரை, மருத்துவமனையின் இருப்பிடத்தைப் படைக்குத் தெரிவிப்பதை யாரும் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது.